சர்வரில் ஒரு காலிப் பங்கு

எங்கள் ஸ்டூடியோவில் எடுக்கும் கல்யாணங்கள் எல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். அறந்தாங்கியில் கீழே கடை, மேலே வீடு. கேமரா பிடிப்பது என் வீட்டுக்காரர். ட்ரோன் பறக்கவிடுவது அவருடைய கடைசித் தம்பி. மற்றதெல்லாம் நான். மெமரி கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, அதையே இன்னொரு பிரதி எடுத்து பேக்கப் சர்வரில் வைப்பது, ஆல்பம் போடுவது, 'இன்னும் முடியலையாங்க' என்று போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்வது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண்ணாகத் தேடிப் பிடித்ததாக என் மாமியார் ஊருக்குள் சொல்லிக்கொள்வார். படித்த பெண்ணென்றால் வாயும் கூடவே வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டுப் போட்டு, வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வீடியோ மட்டும் அவர்களுக்குப் போதாது. எடுத்தது அத்தனையும் வேண்டும். வீட்டுக்கு ஒருத்தராவது துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார், கல்யாணத்துக்கு லீவு கிடைத்திருக்காது. பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள், எந்தச் சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார், மாலை மாற்றும்போது யார் சிரித்தார்கள் என்று ஒன்று விடாமல் அவர் அங்கே ரூமில் படுத்தபடி பார்க்க வேண்டும். சிலர் இரண்டு மூன்று வருஷம் கழித்து லீவில் வந்து, அன்றைக்கு எடுத்தது இருக்கிறதா என்று ஹார்ட் டிஸ்க்கோடு வாசலில் நிற்பார்கள்.

ஒரே ஒரு தடவை 'இல்லை' என்று சொல்ல வேண்டி வந்தது. அப்போது எங்களிடம் சர்வர் கிடையாது. இருந்த ஒரு டிஸ்க்கும் திடீரென்று செத்துப்போயிருந்தது. மணமேல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கல்யாணத்தில் ஓடியாடி வேலை பார்த்த அப்பா பிற்பாடு தவறிவிட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் அந்தக் கல்யாண வீடியோவைத் தவிர வேறு எதிலும் இல்லையாம். என் வீட்டுக்காரர் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டார், நான்தான் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பிரதி பத்திரமாக இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்காமல் இனி இந்தக் கடையில் ஒரு கார்டைக்கூட அழிக்க விடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது இந்தக் கடையின் சட்டம் ஆயிற்று.

சர்வர் வாங்கலாம் என்றதும் டிஸ்க்குகளை அனுப்பிவைத்தது நடுவுள்ளவர். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர், கத்தாரில் இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் ஊருக்கு வந்து அண்ணன் தம்பிகளோடு கடையில் உட்காரப்போகிறார் என்பது, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சு. லீவில் வந்த ஒருத்தர் கையில் நாலு டிஸ்க்கும் வந்து சேர்ந்தன. சர்வரில் டிஸ்க் செருக இருப்பதும் நாலே பொந்துதான். நாலையும் செருகி மூடினேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. என் மாமியாருக்கு, வீட்டுக்கு எது வந்தாலும் வாசல்படி தாண்டும்போதே மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். மாமனார் காலத்தில் தோப்பைப் பிரிக்காமல் விட்டு, அது கோர்ட்டு வரைக்கும் போய், அண்ணன் தம்பிகள் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமலே செத்துப்போனார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவே இல்லை. மாடியில் ரூம் மூன்று, போர் மோட்டார் ஓடும் முறை மூன்று, கொல்லையில் நிற்கும் ஒற்றைப் பலாமரத்தில்கூட இந்தக் கிளை இன்னாருக்கு என்று கணக்கு. சர்வர் வந்ததும், இது எத்தனை பெரிது என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது, ரொம்பப் பெரிது என்றேன். அப்படியென்றால் மூன்றாகப் பிரித்துவிடு என்றார்.

இது தோப்பு இல்லை அத்தை, ஒரே இடமாக இருந்தால்தான் நல்லது, பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி வழியும், இன்னொரு பக்கம் சும்மா கிடக்கும் என்று எத்தனையோ சொன்னேன். ஆத்தா சொன்னால் காரணம் இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். ஆக, ஒரே கூடத்தில் சுவர் வைத்த மாதிரி, சமமாக மூன்று வால்யூம் போட்டேன். அதோடு விட்டார்களா? எது யாருக்கு என்று சீட்டு எழுதி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு மாமியாரே எடுத்தார். மூன்றும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆனாலும் கடைசித் தம்பிக்கு, தனக்கு ஒன்றாம் நம்பர் விழவில்லையே என்று இரண்டு நாள் மனக்குறை.

பெரியவர், அதாவது என் வீட்டுக்காரர் பங்கில் கல்யாணங்கள் ஏறின. சின்னவர் பங்கில் ட்ரோன் படங்கள் ஏறின. திருமயம் கோட்டையை அவர் எத்தனை கோணத்தில் எடுத்திருக்கிறார் என்று பார்த்தால், கோட்டையைக் கட்டினவனே அத்தனை கோணத்தில் பார்த்திருக்க மாட்டான். நடுவுள்ளவர் பங்கு மட்டும் காலியாகக் கிடந்தது. ஒரு போட்டோ கிடையாது. மடையில் தண்ணீர் சும்மா ஓடினாலும் அடுத்தவன் முறையில் நாம் கை வைக்கக் கூடாது இல்லையா, அந்த மாதிரி யாரும் அதைத் தொடவில்லை.

இந்த ஆவணியில் முகூர்த்தம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. இடையில் எங்கள் வீட்டிலேயே ஒரு விசேஷம். நடுவுள்ளவருடைய மகளுக்குக் காதுகுத்து. அவர் மனைவியும் மகளும் திருமயத்தில் மனைவியின் தாய்வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்று. நடுவுள்ளவருக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் வீடியோ கால் போட்டு மாமியார் கையில் கொடுத்திருந்தோம். கண்மாய்க் கரையில் கோயில், டவர் சரியாக எடுக்காது. மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஊசியை எடுக்கும் நேரம் பார்த்து லைன் போய்விட்டது. பிள்ளை அப்பா என்று அழுதது அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் கேமராவுக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் கண் கலங்கிக்கொண்டே கேமராவை ஆட்டாமல் பிடித்து முழுதையும் எடுத்திருந்தார். துண்டு துண்டாக அனுப்ப வேண்டாம், முழுசாக ஒரே மூச்சில் பார்க்க வேண்டும், எடுத்து வையுங்கள் என்று நடுவுள்ளவர் என்னிடம் சொல்லியிருந்தார். கடைக்காரன் வீட்டு விசேஷம் எப்போதும் கடைசியில்தான். வாடிக்கைக்காரர் வேலை முடிந்தபிறகு பார்க்கலாம் என்று அது கம்ப்யூட்டரில் கிடந்தது.

அந்த வாரம்தான் பேக்கப் நின்றது. காலையில் வந்து பார்த்தால், இடமில்லை என்று சர்வர் எழுதி வைத்திருக்கிறது. பெரியவர் பங்கு விளிம்பு வரை நிறைந்துவிட்டது, சின்னவருடையதும் அப்படித்தான். ஆவணியில் எடுத்த கல்யாணங்களும் அந்தக் காதுகுத்தும் வெளியே நிற்கின்றன. அதோடு, அவை இருக்கிற கம்ப்யூட்டர் டிஸ்க் கொஞ்ச நாளாகவே நறநறவென்று பல்லைக் கடிக்கிறது. சோதித்துப் பார்த்தேன். எழுதி எழுதி அழித்த சிலேட்டு மாதிரி அங்கங்கே தேய்ந்துபோயிருந்தது. மணமேல்குடிப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. 

வழி ரொம்பச் சுலபம். நடுவுள்ளவர் பங்கை எடுத்துவிட்டு, பிறகு சின்னவருடையதையும் கலந்து, நாலு டிஸ்க்கையும் ஒரே வால்யூமாக ஆக்கிவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை. உட்கார்ந்த இடத்தில் நாலு வரி தட்டும் வேலை. ஆனால் ஒன்று, நான் போட்டிருந்த அமைப்பு வளரும், சுருங்காது. ஒரு தடவை கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கி மறுபடி பங்கு போட முடியாது. அதனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கேட்டேன். ஆத்தாவைக் கேள் என்றார் என் வீட்டுக்காரர். அவன் ஊரில் இல்லாத நேரத்தில் அவன் பங்கில் கை வைப்பதா என்றார் மாமியார். கத்தாருக்குப் போன் போட்டேன். நடுவுள்ளவர் எப்போதும் நான் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர், அன்றைக்கு என்னவோ, அதை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். புது டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம் என்றார் சின்னவர். நாலு பொந்திலும் டிஸ்க் இருக்கிறது, ஐந்தாவதை உங்கள் தலையிலா செருகுவது, வெளியில் தொங்குகிற ஒற்றை டிஸ்க்கை நம்பி ஒரு தடவை பட்டது போதாதா என்று கேட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கல்யாணம் இருந்தது. கார்டுகளை அழித்துத் தா என்று என் வீட்டுக்காரர் வந்து நின்றார். கார்டையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது அந்தப் பல் கடிக்கிற டிஸ்க் ஒன்றுதான். எல்லாக் கார்டுகளையும் சுருட்டி என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். முதலில் கெஞ்சினார், பிறகு கோபித்தார், பிறகு பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, பேசாமல் இருப்பதில் எங்கள் அம்மா வீட்டில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சின்னவர் ஒரு யோசனையோடு வந்தார். காதுகுத்து யாருடையது? நடுவண்ணன் மகளுடையது. அப்படியென்றால் அதை மட்டும் நடுவண்ணன் பங்கில் வைத்துவிட்டால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அவர் பொருள், அவர் இடம். மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார், கார்டுகளுக்காகக் கையையும் நீட்டினார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே ஆசையாக இருந்தது.

"அப்ப மத்தவங்க வீட்டுக் கல்யாணம்?" என்றேன்.

என் வீட்டுக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. நம் வீட்டுப் பிள்ளை அழுதது மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும், அடுத்த வீட்டு அப்பா பந்தி பரிமாறியது போனால் போகட்டுமா, நம்பித்தானே கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். எல்லாம் ஏறினால் இதுவும் ஏறும், இல்லாவிட்டால் இதுவும் வெளியில்தான் நிற்கும் என்றேன். இதெல்லாம் ஒன்றாகிவிட்டால் பிறகு எது யாருடையது என்று என் வீட்டுக்காரர் முனகினார். நம்முடையது எதுவும் இல்லை, கல்யாணம் செய்தவர்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, அவர் ரூமில்தான் இருப்பார்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது, எதெல்லாம் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் மகள் அப்பா என்று கூப்பிட்டதும் அதில்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். இத்தனை நாளில் ஒரு போட்டோகூட நீங்கள் அந்த இடத்தில் வைக்கவில்லையே தம்பி, எதற்காகத்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் எழுந்து ரூம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. 

"நான் திரும்பி வந்து கடையில ஒக்காரப் போறதில்ல அண்ணி," என்றார். "அவளுக்கும் புள்ளைக்கும் விசா வந்திருச்சு. வருசக் கடைசில இங்கிட்டுக் கூட்டிக்கிறேன். எம் பங்குன்னு ஒண்ணு அங்க இருக்குற வரைக்கும் நான் வந்துருவேன்னு ஆத்தா நம்பிக்கிட்டு இருக்கு. அதான் விட்டு வச்சேன்."

 கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர்மேல் பரிதாபமாக இருந்தது, மாமியாரை நினைத்தால் அதைவிடப் பரிதாபமாக இருந்தது. பேசாமல் அவர் சொன்னபடி விட்டுவிடலாமா, காதுகுத்தை மட்டும் அதில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் கீழே அந்த டிஸ்க் நறநறவென்று ஓடிக்கொண்டிருந்தது. பொய்க்கு இடம் ஒதுக்கிவிட்டு நிஜத்தை வெளியில் நிறுத்தி வைக்க என்னால் முடியவில்லை.

"இத நான் சொல்லமாட்டேன் தம்பி. நீங்களே சொல்லுங்க," என்றேன். "நீங்க சொன்னாத்தான் நான் அதை எடுப்பேன். இன்னைக்கே எடுக்கணும்."

அவர் சரி என்று சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை. கீழே இறங்கி வந்து மாமியார் கையில் கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றார். ம் என்றார். அப்புறம் இன்னொரு ம். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது மற்றொரு காதைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரரும் சின்னவரும் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பிள்ளைக்குக் குளிருக்குத் தலையில் ஏதாவது கட்டி விடச் சொல்லு, மொட்டைத் தலை, அங்கே எந்நேரமும் ஏசியாமே என்று மாமியார் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. சின்னவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாமியார் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் பங்கு எது, காட்டு என்றார். ஒரு வரியைக் காட்டினேன். உள்ளே ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். இல்லை அத்தை என்றேன். அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் படிக்கிறவர் மாதிரி பார்த்தார்.

நான் தட்ட வேண்டியதைத் தட்டினேன். கம்ப்யூட்டர் நின்று ஒரு கேள்வி கேட்டது.

"என்ன சொல்லுது?"

"நெசமாவே எடுத்துரவான்னு கேக்குது அத்தை."

"ஆமான்னு போடு," என்றார்.

போட்டேன். அந்த வரி மறைந்தது. அடுத்த வரியில், மிச்சமிருக்கும் இடம் அத்தனையையும் முதல் வால்யூமுக்குக் கொடுத்தேன். இவ்வளவு நாள் இழுபறியாகக் கிடந்தது ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிந்துவிட்டது. பெரியவர் பங்கு என்று இருந்த பெயரையும் மாற்றினேன், 'எல்லாம்' என்று வைத்தேன். சின்னவருடையதைப் பிறகு ஆற அமர இதோடு கலந்துகொள்ளலாம்.  இடுப்பிலிருந்த சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, பேக்கப் முடிந்ததென்று நான் சொன்ன பிறகு கார்டுகளை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டார்.

பேக்கப்பை ஓடவிடப் போனேன். வந்த வரிசைப்படிதான் ஏற்றுவேன், யாருக்காகவும் மாற்றமாட்டேன். அந்தக் கணக்கில் முதலில் நிற்பது ஆவணி முதல் முகூர்த்தத்துக் கல்யாணம், காதுகுத்து நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். மாமியார் என் கைமேல் கை வைத்தார்.

"மொதல்ல அந்தப் புள்ள காதுகுத்த ஏத்து," என்றார். "அதுக போனப்புறம் நான் பாக்க வேணும்ல."

அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காதுகுத்தை முதலில் போட்டேன்.